மேலூர்க் கரையில் இரண்டாவது நிழல்

ரசூலின் குரல் செய்தி வந்தபோது கமர் ஜஹான் ஸ்கூட்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ரசூல் அவள் கணவர். மஸ்கட்டில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். மூன்று நாட்களாகக் காலையில் அவள் அனுப்பும் காவிரி வீடியோப் படத்தைப் பார்த்துவிட்டு, 'நல்லாருக்கு' என்றோ 'தண்ணி நல்லா ஓடுது' என்றோ ஒரு வரி போடுவார். நான்காம் நாள் பேசியே அனுப்பியிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே காதில் வைத்துக் கேட்டாள்.

"கமரு, மணல்ல உன் நிழல் விழுந்திருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல இன்னொரு நிழல் நிக்குதே. அது யாரு?"

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கிடங்கில் ஒரு பெட்டி குறைந்தால் ஆட்களைக் கேட்பாரே, அந்தக் குரல்.

நாணல் புதராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மாடியேறினாள். புர்காவைக்கூடக் கழற்றாமல், மகள் விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்து கேமராவின் கார்டைச் செருகினாள். படம் மேற்குப் பார்த்து எடுத்தது. நடுவில் ஆறு, வலது ஓரம் நாணல், கீழே மணல் திட்டு. முதுகுக்குப் பின்னால் வெயில் எழும்பியிருந்ததால் அவளுடைய நிழல் மணலில் நீளமாகப் படுத்திருந்தது. கேமரா நிற்கும் முக்காலியின் நிழலும் அதோடு சேர்ந்திருந்தது. அதற்கு இடது பக்கம், ஒட்டி நிற்பது போல, இன்னொரு நிழல்.

ஆள்தான். ஆம்பளைதான். ஒரு தோளில் ஏதோ பெரிதாக, பை மாதிரி தொங்கியது. கையில் நீளமாக ஒரு கம்பு. படம் ஒரு நிமிடம் பத்து வினாடி. முதல் வினாடியிலேயே அந்த நிழல் அங்கே இருந்தது. கடைசி வினாடியிலும் இருந்தது. வரவும் இல்லை, போகவும் இல்லை. அசையக்கூட இல்லை.

கமர் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் மாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

அந்தக் கேமரா ரசூல் கொண்டுவந்ததுதான். கூட வேலை பார்த்த ஒருவர் ஊரோடு போகும்போது கொடுத்துவிட்டுப் போன கேம்கார்டர். நாலைந்து வருடமாக பீரோவில் துணிக்கு நடுவே கிடந்தது. ஆடி மாதம் மகள் தஹ்ஸீன் சென்னையில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனபிறகு, ஒருநாள் அலமாரியைத் துடைக்கப்போய் கமர் அதைக் கையில் எடுத்தாள். சார்ஜ் ஏறியது. பக்கவாட்டில் கதவு போல ஒரு சின்னத் திரை திறந்தது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் குடிக்கும் காக்காயைப் பிடித்தாள். பார்த்தால் காக்காய் தவிர எல்லாம் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பதினோரு பேர். மற்ற பத்துப் பேரும் போனோடு வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் கிளமென்ட், மேலப்புதூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்துவிட்டு இப்போது பறவைகளுக்கு மாறியிருந்தார். கமருடைய கேமராவைப் பார்த்து யாரோ "இதெல்லாம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டபோது, அவர் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹெட்போன் மாட்ட ஓட்டை இருக்கு பாருங்க. உங்க யாரோட போனை விடவும் இதுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாமே 'செய்யாதீங்க'தான். ஜூம் பட்டனை நோண்டாதீங்க. வாடகைக்கு வீடு பாக்கிற மாதிரி கேமராவை இப்படியும் அப்படியும் ஆட்டாதீங்க. பட்டனை அமுக்கினதும் மனசுக்குள்ள இருபது எண்ணுங்க, அதுவரைக்கும் மூச்சுகூட மெதுவா விடுங்க. அமுக்கறதுக்கு முன்னாடி படத்தோட நாலு மூலையையும் பாருங்க. உங்க நிழல் உள்ள விழுந்துடாம பாத்துக்குங்க.

அந்தக் கடைசிப் பாடத்தைத்தான் கமர் மறந்திருந்தாள்.

வீட்டுப்பாடமாக, ஒரே இடத்தைப் பத்து நாள் காலையில் எடுத்துவரச் சொல்லியிருந்தார். அவள் மேலூர்ப் பக்கம் காவிரிக் கரையைத் தேர்ந்தெடுத்தாள். விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினால் வெயில் விழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு, வாழைத் தோப்புக்கு நடுவே போகும் மண் பாதையில் ஐந்து நிமிடம் நடந்தால் ஆறு. தை பிறப்பதற்கு முந்தைய பனி. நாணல் தட்டையில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி தினமும் வந்து உட்காரும். ஈர மணலில் செருப்பு புதைவதால் கரையிலேயே கழற்றிவிட்டு இறங்குவாள். ஹெட்போனைத் தலைமுக்காட்டுக்குள் மாட்டிக்கொள்வாள். எடுத்ததை அங்கேயே போனில் ஏற்றி ரசூலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அங்கே அவள் யாரையும் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு ரசூல் கிடங்கிலிருந்தே கூப்பிட்டார்.

"யாரும் இல்லைங்க" என்றாள்.

"யாரும் இல்லாம நிழல் எப்படி விழும்?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லைன்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"தோள்ல பை மாட்டியிருக்கு பாத்தியா. வகுப்புல எடுத்த போட்டோ அனுப்பினியே, அதுலயும் ஒருத்தர் தோள்ல பையோடதான் நிக்கிறாரு."

"கிளமென்ட் சாரா?"

"பேரு எனக்கு எப்படித் தெரியும். நீதான் சொல்லணும்."

கமருக்கு முகம் சுட்டது. "அவரு எதுக்கு அங்க வரணும்?" என்றாள். "அதைத்தான் நானும் கேக்கிறேன்" என்றார் ரசூல். யாரோ கூப்பிட, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் ரசூல் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருடம்கூடத் தேறாது. இந்தக் கேள்வியை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவள் நடந்துகொண்டதும் இல்லை. இப்போது அவளே அனுப்பிய படத்தை வைத்துக் கேட்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. கீழ்வீட்டில் இருப்பது ரசூலின் அக்கா ஷரபுன்னிசா. போன வாரம் வரை கமர் எப்போது போகிறாள், வருகிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. இந்த நாலு நாளாகத் தினமும் கேட்கிறார். "எத்தனை மணிக்குக் கிளம்பினே? இன்னைக்கு ஏன் இவ்வளவு லேட்டு? வண்டியில எங்க இவ்வளவு சேறு?" மேலே ஏறும்போதெல்லாம் ஜன்னல் திரை கொஞ்சம் விலகும். ஒருவேளை அவர் யாரையாவது பின்னால் அனுப்பியிருந்தால்? ரசூல் சொல்லித்தான் அனுப்பியிருந்தால்? அனுப்பிய ஆளே படத்தில் விழுந்துவிட்டதால், ரசூல் ஒன்றும் தெரியாதவர் போலத் தன்னிடம் கேட்கிறாரோ?

நினைக்க நினைக்க அதுதான் சரி என்று பட்டது.

மதியம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலப்புதூருக்குப் போனாள். கிளமென்ட் கடையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார். "சார், இன்னைக்குக் காலையில நீங்க மேலூர்ப் பக்கம் வந்தீங்களா?" என்று கேட்டாள். எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், நேராகத்தான் கேட்டாள்.

கத்தரிக்கோல் நின்றது. "நான் ஏம்மா வரப்போறேன்?"

படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை நிறுத்தி, கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உங்க பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

"எங்க வீட்டுக்காரர்."

"கேமராவுக்கு முன்ன பின்ன தெரியாது. எல்லாத்தையும் ஒரே சுவத்துல ஒட்டிக் காட்டும். இவரு உங்க பக்கத்துல இல்ல. வெயில் சாய்ஞ்சு அடிக்குதுல்ல, ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்னா தலை நிழல் ரெண்டும் ஒரே கோட்டுல முடியணும். இவர் தலை உங்க இடுப்புக்கிட்டயே முடிஞ்சுடுது பாருங்க. ரொம்பப் பின்னாடி நிக்கிறாரு. இருபது அடி, முப்பது அடிகூட இருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னார். கமருக்கு அது ஆறுதலாக இல்லை. பக்கத்தில் ஒருவன் வந்து நின்றிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். தெரியாதபடி தூரத்தில், முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் பத்து வினாடி அசையாமல் நின்றிருக்கிறான்.

கிளமென்ட் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து ஓட்டினார். ஆற்றின் சலசலப்பு, மீன்கொத்தியின் கீச்சு, இருபத்திரண்டாவது வினாடியில் ஒரு செருமல். அடக்கிக்கொண்ட செருமல். முதல் மூன்று நாள் படங்களையும் போடச் சொன்னார். அந்த மூன்று நாளும் பனி மூட்டம், நிழலே இல்லை. ஆனால் முதல் நாளில் தூரத்தில் யாரோ கூப்பிடும் குரலும், மூன்றாம் நாளில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் 'டக்'கும் கேட்டன. அப்போது அவை ரோட்டிலிருந்து வருகின்றன என்று கமர் நினைத்திருந்தாள்.

"இனிமே அங்க தனியாப் போகாதீங்க" என்றார் கிளமென்ட். "வேணும்னா நான் கூட..."

கமர் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். அவருக்கு அது புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வேணாம். நான் வரல. இடத்தை மாத்திக்குங்க, அது போதும்."

அவள் இடத்தை மாற்றவில்லை. மாற்றினால், பக்கத்தில் நின்றவனைக் காப்பாற்றத்தான் மாற்றினாள் என்று ரசூலுக்குத் தோன்றும். அது போக, யார் என்று தெரியாமல் இனி எந்த இடத்திலும் முதுகைக் காட்டி நிற்க அவளால் முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. படியிறங்கும்போது ஷரபுன்னிசா கதவைத் திறந்தார். "இன்னைக்குமா?"

"ஆமா மதினி."

"தனியாவா?"

"நீங்கதான் சொல்லணும்" என்றாள் கமர். ஷரபுன்னிசாவுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காதது போல நின்றார்.

மேலூரில் எல்லாம் வழக்கப்படியே செய்தாள். செருப்பைக் கரையில் விட்டாள். முக்காலியை ஊன்றினாள். கேமராவை மேற்கே திருப்பி வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். போனில் நூறை அழுத்தித் தயாராக இடது கையில் வைத்துக்கொண்டாள். பனி இல்லை. வெயில் வாழை இலைகளுக்கு மேலே வந்து முதுகில் பட்டது. மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அவள் பறவையைப் பார்க்கவில்லை. ஹெட்போனில் வருவதை மட்டும் கேட்டாள்.

முதலில் சைக்கிள் சங்கிலியின் கிறீச்சு. ஸ்டாண்டு. அப்புறம் காய்ந்த வாழைச் சருகு மிதிபடும் சத்தம், விட்டு விட்டு. அது நின்றுவிட்டது. மணலில் அவளுடைய நிழலுக்கு இடது பக்கம், மெதுவாக, இன்னொரு தலை முளைத்தது.

இருபது எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டுக்கு மேல் முடியவில்லை. முக்காலியின் கைப்பிடியைப் பிடித்து கேமராவை அப்படியே பின்பக்கம் சுழற்றினாள்.

திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. சூரியனைப் பார்த்துத் திருப்பியதால் ஒன்றுமே தெரியவில்லை. அந்த இரண்டு மூன்று வினாடிதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது. பிறகு வெளிச்சம் மெல்ல அடங்கி, வாழைத் தோப்பு வந்தது, பாதை வந்தது, நடுவில் கரியாக ஒரு மனிதன் வந்தான். ஒரு கையில் மூங்கில் கழி. தோளில் தொங்கியது பை இல்லை. காற்றடைத்த லாரி டியூப்.

ஓடவில்லை. அவளைவிட அதிகமாகத் திடுக்கிட்டது போல நின்றார். ஐம்பது வயது இருக்கும். கைலியும் தலையில் துண்டும்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் கமர். ஹெட்போனில் தன் குரலையே கேட்டபோது வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "எத்தனை நாளா வர்றீங்க?"

"நீங்க வந்த நாள்லேருந்து."

"யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலையே."

"ஷரபுன்னிசான்னு தெரியுமா?"

"அது யாரும்மா?"

"பின்ன எதுக்குப் பின்னாடி வந்து நிக்கிறீங்க?"

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா?"

கமர் போனை அவருக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். "கேமரா ஓடிட்டிருக்கு. எல்லாம் பதிவாகுது" என்றாள்.

"ஆகட்டும். பிள்ளைங்க இருந்தா அவங்களை நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்கம்மா. எந்தக் கஷ்டமும் கொஞ்ச நாள்ல ஒரு மாதிரி ஆகிடும். இதைச் சொல்லத்தான் நாலு நாளா பாக்கிறேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்கு உடனே எட்டவில்லை. எட்டியதும் ஹெட்போனைக் கழற்றினாள்.

அவர் பெயர் அருள்ராஜ். அந்த வாழைத் தோப்பில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. ஐப்பசியில் ஒருநாள் விடிகாலையில் ஒரு பெண் வந்து இதே இடத்தில் நின்றிருக்கிறாள். குளிக்க வந்தவள் என்று நினைத்து, நாம் நின்றால் நன்றாக இருக்காது என்று மோட்டாரை நிறுத்தப் போயிருக்கிறார்.

"திரும்பி வந்து பாத்தா செருப்பு மட்டும் இருந்துச்சும்மா" என்றார். "மணல் அள்ளின குழி அங்கதான் இருக்கு, அந்த நாணலுக்கு இந்தப் பக்கம். மேலேருந்து பாத்தா முழங்கால் தண்ணி மாதிரி தெரியும். நீங்களும் முதல் நாளு செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் இறங்கினீங்க. நின்னு தண்ணியவே பாத்துட்டிருந்தீங்க. அசையவே இல்ல. மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பல."

கமர் கையிலிருந்த ஹெட்போனைப் பார்த்தாள். ரோட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக் கேட்ட குரல் இவருடையது.

"முன்னாடி வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீங்க கத்தியிருந்தா? யாருமில்லாத இடத்துல ஒரு பொம்பளை, அதுவும் நீங்க வேற ஆளுங்க. நான் நல்லதுக்குத்தான் வந்தேன்னு யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? அதான் டியூபை எடுத்துக்கிட்டு வந்து நின்னேன். ஏதாச்சும்னா குதிச்சுடலாம்னு."

"கேமரா வச்சு எடுக்கிறது தெரியலையா உங்களுக்கு?"

"மூணாம் நாள்தான் கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. இப்பல்லாம் போனுல பேசி எடுத்து வச்சுட்டுத்தானே..." அவர் முடிக்கவில்லை.

கமருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "நான் சாகவா வந்தேன்? மீன்கொத்தி எடுக்க வந்திருக்கேன்" என்றாள்.

"மீன்கொத்தியா?" அருள்ராஜ் நாணலைப் பார்த்தார். பறவை எப்போதோ போய்விட்டிருந்தது. "அதுக்கா இவ்வளவு தூரம் தினமும்?"

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பி, முந்தின நாள் எடுத்ததைக் காட்டினாள். தட்டையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி தலையை இரண்டு தடவை ஆட்டியது, மேலே எழும்பி ஒரே இடத்தில் சிறகடித்தது, கல் விழுவது போல விழுந்தது. அருள்ராஜ் குனிந்து பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"சரி" என்றார் கடைசியில். "நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்."

"அப்ப நானும் நிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க."

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஒரு யோசனை ஓடியது. முதல் நாள் அவள் எப்படி நின்றிருந்தாள்? அன்றைய படம் நாலு நிமிடம் ஓடியிருந்தது. அணைக்க மறந்துவிட்டேன், அசையாமல் நிற்கப் பழகினேன் என்று தானே நினைத்துக்கொண்டிருந்தாள். பறவை இல்லை, படகு இல்லை, வெறும் தண்ணீர். அந்த நாலு நிமிடமும் என்ன நினைத்தாள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முந்தின நாள் இரவு தஹ்ஸீன் போன் எடுக்கவில்லை என்பதும், ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்க அலுத்துப்போய்ப் பட்டினியாகப் படுத்தாள் என்பதும் மட்டும் நினைவிருந்தது. சாகும் எண்ணம் இல்லை. நிச்சயமாக இல்லை. ஆனால் பின்னால் நின்ற ஒருவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. முதுகில் அவர் எதைப் பார்த்தார்?

பாலத்திலிருந்தே முழுப் படத்தையும் ரசூலுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அவர் பார்த்துவிட்டார் என்று டிக் நீலமானது. பதில் வரவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து, அறையில் எல்லோரும் தூங்கப் போன நேரத்தில் கூப்பிட்டார்.

"அந்த ஆள் சொல்றதை நீ நம்புறியா?"

"நீங்க நம்பலையா?"

"நல்லாத்தான் பேசுறான். இவ்வளவு நல்லாப் பேசுறவனைத்தான்..." நிறுத்திக்கொண்டார். "டியூபு உண்மையிலேயே காத்தடைச்சிருந்துச்சா?"

"அமுக்கிப் பாக்கலைங்க."

வேறு சமயமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். "கமரு, அவன் எதுக்கு அப்படி நினைச்சான்? நினைக்கிற மாதிரி நின்னியா?"

"தெரியலைங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த உண்மையான பதில் அதுதான். பிறகு அவள் கேட்டாள்: "மதினிகிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"உன்னைப் பாத்துக்கச் சொன்னேன்."

"பாத்துக்கவா, பாக்கவா?"

"பாத்துக்கத்தான் சொன்னேன்" என்றார். "ரெண்டு மாசமா நீ போன்ல 'ம்', 'சரி', 'சாப்பிட்டேன்' தவிர எதுவும் பேசல. திடீர்னு விடிகாலையில ஆத்துக்குப் போறேங்கிறே. ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு. அக்காகிட்ட ஒரு கண்ணு வச்சுக்கன்னேன். நேத்து அந்த நிழலைப் பாத்ததும் புத்தி வேற பக்கம் போயிடுச்சு."

"ஆத்துக்குப் போறது சரியில்லைன்னு பட்டுச்சுன்னா என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ 'ம்'னு சொல்லுவே."

அது உண்மைதான். கமர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் அவள் பேசினாள். காலியான வீடு, வேகவைத்து ஒரு வாரம் வைத்துத் தின்னும் பருப்பு, தஹ்ஸீனுக்குக் கூப்பிட்டால் வகுப்பில் இருக்கிறேன் என்று வரும் செய்தி, கேமராத் திரைக்குள் பார்க்கும்போது மட்டும் மற்றது எல்லாம் மறந்துபோவது. ரசூல் நடுவே குறுக்கிடவில்லை. வைக்கும்போது, "நாளைக்கும் போறியா?" என்று மட்டும் கேட்டார். போகிறேன் என்றாள். "அந்த ஆளை முன்னாடி நிக்கச் சொல்லு. பின்னாடி வேணாம்" என்றார்.

அருள்ராஜ் முன்னால் நிற்க ஒப்புக்கொண்டார். அதாவது அவள் கண்ணில் படும்படி, நாணலுக்கு இப்பால், குழிக்கும் அவளுக்கும் நடுவே. வரும்போது இரண்டு தடவை சைக்கிள் பெல் அடிப்பார். எட்டாம் நாள் ஷரபுன்னிசா தானும் வருவதாகச் சொல்லி வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு அருள்ராஜை மேலும் கீழும் பார்த்தார். சொந்த ஊர் எது, சம்சாரம் என்ன செய்கிறது, பிள்ளைகள் எத்தனை, தோப்பு யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முசிறி, வீட்டில்தான், இரண்டு பெண்கள் என்று அவர் ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே பதில் சொன்னார். அந்த விசாரணை முழுவதும் அன்றைய படத்தின் ஒலியில் பதிவாகிவிட்டது.

"அப்படியொன்னும் மோசமான ஆளாத் தெரியல" என்றார் ஷரபுன்னிசா, திரும்பும் வழியில். "ஆனா யாரையும் ஒரு நாள்ல சொல்லிட முடியாது." மறுநாளும் வந்தார்.

வகுப்பில் பத்து நாள் படத்தையும் போட்டுக்காட்டியபோது, ஐந்தாம் நாளின் அந்தச் சுழற்றலைக் கமர் வெட்டி எடுத்திருந்தாள். அதை யாருக்கும் காட்ட விருப்பமில்லை. கிளமென்ட் கவனித்துவிட்டார். ஐந்தாம் நாளின் மீதி எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, "ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்றாள். அன்றைக்குக் கடையில் தான் பார்த்த பார்வைக்காக மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அதற்குள் அவர், "மீன்கொத்தி விழற இடத்துல ரெண்டு வினாடி முன்னாடியே அமுக்கியிருக்கணும்" என்று பேச்சை மாற்றிக்கொண்டார்.

நோன்புப் பெருநாளுக்கு ரசூல் ஊருக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேட்டூர் அணையை மூடியிருந்ததால் ஆறு ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அருள்ராஜ் பெல் அடித்துக்கொண்டு வந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசூல் ஸலாம் சொல்லப்போய், நிறுத்தி, வணக்கம் வைத்தார். குழி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அருள்ராஜ் மூங்கில் கழியை விட்டுக் காட்டினார். கழி முழுக்க உள்ளே போய், பிடித்திருந்த கை மணிக்கட்டு வரை நனைந்தது. ரசூல் அந்த ஈரக் கழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கமரிடம் வந்து, "குடு, நானும் எடுக்கிறேன்" என்றார்.

அவள் கேமராவை முக்காலியிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தாள். எந்தப் பட்டன் என்று காட்டினாள். இருபது எண்ணச் சொன்னாள். அருள்ராஜ் பின்னால் போய்த் தோப்பு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரசூல் ஆற்றைக் குறிபார்த்தார், ஐந்து எண்ணுவதற்குள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார், மறுபடி குறிபார்த்தார், மறுபடி திரும்பினார்.

"ஆடுதுங்க" என்றாள் கமர். "திரும்பாதீங்க."

"ஆள் அங்கயேதான் இருக்காரா?"

"அங்கயேதான் இருக்காரு. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். நீங்க ஆத்தைப் பாருங்க."

ரசூல் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு திரைக்குள் பார்த்தார். மீன்கொத்தி தட்டையில் வந்து உட்கார்ந்தது. அவர் உதடு அசைவது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.